கொக்கியில் ஒற்றை ஷூ

"வந்துட்டேம்மா!" என்று கீழ்ப்படியிலிருந்தே கத்திக்கொண்டு வருவாள் நகிசா. மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று அவளுடைய அம்மா கசுமி கூசிப்போவாள். இப்போது அந்தக் கத்தலுக்காக ஏங்கிக் கிடக்கிறாள். மூன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து மகள் சத்தமில்லாமல் கதவைத் திறந்து தன் அறைக்குப் போய்விடுகிறாள்.

காரணம் கசுமிக்குத் தெரியாமல் இல்லை. "வந்துட்டேன்" என்றால் "வா" என்று சொல்வதுதான் ஊர் வழக்கம். இவள் வாயில் வருவதோ, "தொப்பி எங்கே? குடை எங்கே?" போலீஸ் ஸ்டேஷனில்கூட முதலில் உட்காரச் சொல்வார்கள்.

கசுமிக்கு அவர்கள் வசிக்கும் தொயாமா நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பின்கட்டில் பலகாரம் பொரிக்கும் வேலை. கணவருக்குத் தொலைவில் நகோயா நகரில் உத்தியோகம். மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டால் அது என்ன வீடு?

நகிசா மறந்துவிட்டுப் போகும் பொருள்களிலேயே பெரிய வம்பு அந்த வெள்ளை அங்கி. பள்ளியில் மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறுவார்கள். பரிமாறிய பிள்ளை வெள்ளிக்கிழமை அங்கியை வீட்டுக்குக் கொண்டுபோய், துவைத்து இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். நகிசாவின் முறை வந்தால் அங்கி வீட்டிலேயே தங்கிவிடும். கசுமி அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, பள்ளி வாசலில் இடுப்பொடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள்.

நகிசாவுக்கு இருப்பது ஏடிஎச்டி என்னும் கவனச்சிதறல் கோளாறு என்று எடுத்துச் சொன்னவர் பள்ளி ஆலோசகர் குமகாய் அம்மாள். அவரிடம் கசுமி ஒருநாள் அழுதேவிட்டாள்.

"நூறு தடவை சொல்லியாச்சுங்க. காதுல ஏறினாத்தானே!"

"காதுல ஏறுதும்மா. கிளம்புற நேரத்துல ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. அடுத்து என்னன்னு மனசுல வெச்சுக்கறது, கொஞ்சம் நில்லுன்னு தன்னைத்தானே புடிச்சு நிறுத்திக்கறது, இதெல்லாம் அவளுக்கு வயசைவிட மெதுவாத்தான் வளருது. சொன்னதையே சொல்லி என்ன பிரயோஜனம்? மறக்கற இடத்துல கண்ணுல படற மாதிரி எதையாவது செய்ங்க. எங்க மறக்கறான்னு பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. மறுநாள் காலை பார்த்தாள். வாசலில் மகளின் ஷூக்கள் முனை வெளிப்பக்கம் பார்க்க, ஒட்டி நின்றன. தினமும் அப்படி வைப்பது கசுமிதான். நல்ல குடும்பத்துப் பழக்கம். நகிசா ஓடிவந்தாள், இரண்டு காலையும் நுழைத்தாள், அதே வேகத்தில் வெளியே பறந்தாள். பக்கத்துக் கொக்கியில் குடை தொங்கியது. நின்றால்தானே பார்ப்பதற்கு! அவள் நிற்கவே வேண்டாதபடி பாதை போட்டுக் கொடுத்தது தான்தான் என்பது கசுமிக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த முறை அங்கி வீட்டுக்கு வந்தபோது மகளிடமே கேட்டாள். "வாசல்ல உன்னை எப்படிடி நிறுத்தறது?"

திட்டத்தான் போகிறாளோ என்று நகிசா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு, "ஒரு ஷூவைத் தூக்கி அங்கிப் பைகிட்ட மாட்டிடு. நொண்டிக்கிட்டே ஸ்கூலுக்குப் போக முடியாதுல்ல?" என்றாள்.

சாப்பாட்டு அங்கிக்குப் பக்கத்தில் தெரு மண்ணா! கசுமிக்கு உடம்பே கூசியது. ஷூவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அங்கிப் பை தொங்கிய வாசல் கொக்கியில் மாட்டினாள்.

திங்கட்கிழமை நகிசா ஒற்றை ஷூவோடு நொண்டினாள், தேடினாள், கொக்கியைப் பார்த்துச் சிரித்தாள். அங்கி பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் கசுமி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேம்மா!"

கீழ்ப்படியிலிருந்து. கையிலிருந்த துணி நழுவியது. எத்தனை நாளாயிற்று! கதவைத் திறந்தவளுக்கு முதலில் கண்ணில் பட்டது மகளின் வெறும் தலை. கேள்வி நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதை விழுங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஒரே ஒரு கேள்வியை அடக்க நாற்பது வயதுக்காரிக்கே இந்தப் பாடு. ஒன்பது வயது என்ன செய்யும்?

"வாடி கண்ணு" என்றாள்.

நகிசா ஷூவைக் கழற்றிவிட்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, தொப்பியை ஸ்கூல்லயே விட்டுட்டேன்" என்று அவளே சொன்னாள்.