சாகுபடி செய்பவர் பெயர்

எங்கள் ஊர் அரிசியை மாணவியர் விடுதிக்கு நேராகக் கொடுக்கலாம் என்று வார்டனிடம் பேசி முடித்தவள் நான்தான். தஞ்சாவூரில் நான் படித்த கல்லூரியின் விடுதி அது. இடையில் வியாபாரிகள் நுழைந்துவிடக் கூடாதென்று அவர் ஒரு படிவம் கொடுத்திருந்தார். சாகுபடி செய்பவர் பெயர், சர்வே எண், மூட்டை. மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, பதினோரு பேருக்கும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நானே எழுதினேன்.

ஏழாவது வரியில் இருந்தவர் மிராசுதாரின் நிலத்தை வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உழுபவர். ஊர்க் கணக்கில் அவர் பெயர் கிடையாது. குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம். எந்தத் தாளிலாவது பெயர் ஏறிவிடுமோ என்று பயந்து மிராசுதார்கள் ஆட்களையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். எழுதும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

லாரி வருவதற்கு முதல் நாள், மிராசுதாரின் காரியஸ்தர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏம்மா, எங்க நெலத்துக்கு நீயே பட்டா போட்டுக் குடுத்துட்டியாமே?"

"அரிசிக்கு எழுதுனதுங்க அது."

"இன்னைக்கு அரிசிக்கு. நாளைக்கு தாசில்தார்ட்ட கொண்டுபோயி நீட்டுவான். அந்த வரிய அடிச்சிடு. இல்லேன்னா வர்ற சாகுபடிக்கு வேற ஆளு."

அவர் போனதும் மாமனார், "அடிச்சிடும்மா, நமக்கேன் வம்பு" என்றார். அதுவரை அவர் பேச்சை நான் தட்டியதில்லை. பேனாவை எடுத்தேன். அடித்தால் அந்தக் குத்தகைக்காரரின் மூட்டைகள் நிற்கும். விட்டால் நிலமே போகும். இரண்டில் எதைச் செய்தாலும் அவரைக் கேட்காமல் செய்ததாகத்தான் இருக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க கலெக்டரம்மா" என்றாள் அவர் மனைவி. "எழுதறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேட்டிருந்தா வாய் தேஞ்சா போயிருக்கும்?"

"தப்புதாங்க. அடிச்சிடவா?"

அவர் சாக்கின் வாயைச் சணலால் தைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரிய ஒருதரம் படிங்கம்மா."

படித்தேன். அவர் ஊசியைச் சாக்கிலேயே குத்தி வைத்தார்.

"அடிச்சா மட்டும் மிராசுதார் விட்டுருவாரா? அவருக்குத்தான் பயம் புடிச்சுக்கிச்சே. இருக்கட்டும். எனக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதி, சீல் வச்சு வாங்கிக் குடுங்க."

மறுநாள் லாரியோடு வார்டனும் வந்தார். காரியஸ்தர் அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏழாவது தப்பா விழுந்துடுச்சுங்க. எழுதுன பொண்ணே இங்க நிக்குது, கேளுங்க."

வார்டன் என்னைப் பார்த்தார். மாமனார் தரையைப் பார்த்தார்.

"தப்பில்லங்க மேடம். அந்த நெலத்துல சாகுபடி பண்றது அவருதான்."

வார்டனுக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொருமுறையும் சொன்னேன். இரண்டு தாளிலும் சீல் விழுந்தது. குத்தகைக்காரர் கைநாட்டு வைத்தார். மூட்டைகள் ஏறின.

"தண்ணி வரட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காரியஸ்தர் கிளம்பினார்.

மாமனார் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தைக்குச் சோறூட்டும் சாக்கில் தினமும் கொல்லைப்பக்கம் நின்று அந்தக் குத்தகை வயலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு குடும்பத்தின் நிலத்தை என் கையெழுத்தால் பறித்துவிட்டேனோ?

ஆற்றில் தண்ணீர் வந்த நான்காம் நாள், வேற்றூர் ஏர்கள் இரண்டு வரப்பில் வந்து நின்றன. குத்தகைக்காரரும் மனைவியும் வயலுக்குள் இறங்கி நின்றார்கள்.

"சீல் வச்ச தாளக் காட்டி தாலுகா ஆபீஸ்ல மனுக் குடுத்திருக்கேன். ஏர எறக்குனா நீங்கதான் அங்க வந்து பதில் சொல்லணும்" என்றார் அவர்.

ஏர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து மாடுகளைத் திருப்பினார்கள். எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் விடியும்போதே போய்ப் பார்த்தேன். முழங்கால் சேற்றில் நின்று அவர் தன் நாற்றங்காலில் விதை தெளித்துக்கொண்டிருந்தார்.