கடல்வேங்கைக்கு ஒரு வக்காலத்து

பழைய காமிக்ஸ் விக்கிறவன் காதுல தினமும் விழுற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "இந்த வயசுலயும் பொம்மைப் புஸ்தகமா?" பழைய புத்தகக் கடை போட்டு உக்காந்திருக்கிற என் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததில்ல. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போற வழியில என் கடை. விக்கிறதுல முக்காவாசி கடல்வேங்கை காமிக்ஸ். நான் வாங்கிக் கட்டிக்கிட்டதும் முக்காவாசி அவனாலதான்.

மிக்கேல் கப்பல் ஏறினது

கடல்வேங்கை எழுபத்தொண்ணாம் வருச யுத்த சமயத்துல பொறந்தவன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி, விளக்கை அணைச்சுட்டு ஊரே நடுங்கிக் கெடந்த நேரம். சனங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும்னு இங்கன ஒரு சின்ன அச்சகத்துல படம் வரையிறவர் அவனை உண்டாக்கினாரு. கதைப்படி அவன் முத்துக்குளிக்கிற ஆளு. ஆழத்துல மூழ்கி மூழ்கிக் காது சவ்வு கிழிஞ்சவன். பட்டாளத்துல சேரப் போனா, காது கேக்காதவன் எதுக்குன்னு விரட்டிடுதாங்க. அவன் தனியாவே கடல்ல எறங்கி, எதிரிக் கப்பலோட அடிவயித்துல ஒரே குத்தா குத்தி ஓட்டை போட்டுட்டு வாரான்.

எங்க ஊர் கப்பல்காரங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. கப்பல் ஏறும்போது ஒரு கடல்வேங்கை வாங்குவாங்க. கடைசித் தாளை நான் மடிச்சு ஸ்டேப்ளர் பின் அடிச்சுக் கொடுக்கணும். திரும்பி வந்து என் கடையில நின்னுதான் அதைப் பிரிக்கணும். கதை மிச்சம் இருந்தா ஆளு வந்து சேந்துருவான்னு நம்பிக்கை. சரக்குக் கப்பல்ல சமையல் வேலை பாக்குற மிக்கேல் இந்தத் தடவை முதல் பாகத்தைக் கேட்டான். அவன் அதுவரைக்கும் கடல்வேங்கையே வாங்கினதில்ல. பின் அடிக்கும்போது சொன்னான்: "நல்லா அழுத்தி அடிங்க அண்ணாச்சி, கடல்ல கை சும்மா இருக்காது."

எனக்கு நடந்த வகுப்பு

மிக்கேல் கப்பல் போன கடல்ல சண்டை மூண்டுட்டு. கப்பல் நங்கூரம் போட்ட எடத்துலயே நிக்குது, தலைக்கு மேல ஏவுகணை பறக்குதுன்னு சேதி வந்துது. அந்தக் கவலையில நான் உக்காந்திருக்கேன், சாயர்புரத்துல இருந்து ஒரு பேராசிரியர் வாராரு. நின்ன எடத்துலயே மூணு கடல்வேங்கையை ஓசியில முழுசாப் படிச்சு முடிச்சாரு. அப்புறம் கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டு, இதெல்லாம் சனங்களுக்குச் சண்டை வெறி ஏத்த எழுதினதுன்னு எனக்கு வகுப்பு எடுக்க ஆரம்பிச்சுட்டாரு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! கறுப்புத் தாள் ஒட்டின வீட்டுக்குள்ள பிள்ளை குட்டியோட கெடந்திருந்தா உங்களுக்குத் தெரியும், சும்மாப் பேசாதீங்க சார்னு கத்திட்டேன். மனுசன் அசரணுமே! "சரி சரி, கோவப்படாதீங்க, நாலாவது பாகம் இருக்கா?"

இடுப்புக் கச்சை

கடல்வேங்கைக்கு உடுப்பு ஒரு நீல அரைக்கால் சட்டை, இடுப்புல ஒரு மூவர்ணக் கச்சை. முத்தையாபுரத்து ரிட்டயர்டு ஆபீசர் ஒருத்தர், கொடியை இடுப்புல கட்டுறது குத்தம், கடை வாசல்ல தொங்குற படத்தை உடனே எறக்குன்னு அதட்டினாரு. அது கொடி இல்ல சார், கச்சை, நடுவுல சக்கரம்கூடக் கெடையாதுன்னேன். கேக்கலையே! நாட்டுக்காகக் கடல்ல குதிச்சவன் மேலயே கேசா? எறக்க முடியாது, ஆனதைப் பாருங்கன்னுட்டேன். கூட வந்திருந்த அவர் வீட்டம்மா சொன்னாங்க: "விடுங்க அண்ணாச்சி, சின்னதுல எங்க அத்தை சேலையைக் கிழிச்சு இடுப்புல கட்டிக்கிட்டு, நாந்தான் கடல்வேங்கைன்னு தெருவெல்லாம் குதிச்ச ஆளுதான் இவங்க."

ரோஸ்லின் வந்த அன்னைக்கு

கடைக்குப் பேப்பர் படிக்க வாற நாலு பேரு அன்னைக்குச் சண்டைச் சேதியை வச்சு ஒரே கொண்டாட்டம். அடிக்கணும், நொறுக்கணும், நம்ம கடல்வேங்கை மாதிரி கப்பல் கப்பலா முக்கணும்னு கெக்கெக்கேன்னு சிரிக்காங்க. வாசல்ல மிக்கேல் பொண்டாட்டி ரோஸ்லின் கண்ணு வீங்கி நிக்கா. உங்க வீட்டு ஆளு ஒருத்தன் அங்கன நின்னா இப்படிச் சிரிப்பீங்களாலே, எந்திரிங்க வெளியன்னு நாலு பேரையும் வெரட்டி விட்டேன். இப்ப நெனைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

ரோஸ்லின் உக்காரக்கூட இல்ல. "அவிய போன்ல, பின்னை எடுத்துக் கடைசித் தாளைப் படிச்சிரட்டுமான்னு கேக்காவ. எடுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நான் சொன்னா அழுதுருவேன்."

மிக்கேலோட கேள்வி

சொன்னேன். கேட்டான். ஆண்டவர் புண்ணியத்துல ஊரும் வந்து சேந்தான், பாதி ஆளா எளைச்சு. கடையில நின்னு நகத்தால பின்னை நெம்பித் தாளை விரிச்சான். எதிரிக் கப்பல் மூக்குக் குப்புற முங்குது, அலை மேல நின்னு கடல்வேங்கை கையைத் தூக்குதான். அந்த எடத்துல எல்லாக் கப்பல்காரனும் விசிலடிப்பான். இவன் பார்த்துக்கிட்டே நிக்கான். எனக்குப் பொறுக்கல. என்னலே, முதல் பாகத்துக்கே மூஞ்சி இப்படிப் போகுதுன்னு எரிஞ்சு விழுந்தேன்.

அதுக்கு அவன், பக்கத்துல நின்ன கப்பல் தீப்பிடிச்சப்போ அடுக்களையில வெங்காயம் நறுக்கிக்கிட்டு நின்னேன், வெளிய எவன் யாரை அடிக்கான்னே தெரியலன்னான். பெறகு படத்துல முங்குற கப்பல் மேல வெரலை வச்சுக் கேட்டான்: "இதுக்குள்ளயும் ஒருத்தன் சோறு வடிச்சுக்கிட்டு நின்னிருப்பாம்லா அண்ணாச்சி, அவன் வீட்டுக்காரிக்கு யாரு போய்ச் சொன்னா?"

ஊரு பூரா கடல்வேங்கைக்காக மல்லுக்கட்டின வாய் எனக்கு, இவன்கிட்ட மட்டும், அடுத்த பயணத்துக்கு ரெண்டாம் பாகம் எடுத்து வைக்கவான்னு கேக்கத்தான் முடிஞ்சுது.