எட்டு வெள்ளி உளவு

என்னால் சும்மா உட்கார முடியாது. பிறவிக் கோளாறு. பிள்ளைகள் காப்பகத்தில் நான் பார்த்த சமையல் வேலை பாதி நாளாகக் குறைந்த பிறகு, மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில், பாசிர் ரிஸ் வீட்டில் சோபாவும் நானும் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து, கூட வேலை செய்யும் ஒருத்தி என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். சின்னச் சின்ன வேலையாக வரும், முதலில் தொடுகிறவருக்குத்தான் கிடைக்கும், சிங்கப்பூர் டாலரில் இரண்டு வெள்ளி மூன்று வெள்ளி தருவார்கள் என்றாள். சனியன் அன்றைக்குப் பிடித்தது.

சூப்பர்மார்க்கெட்டில் மீ நூடுல்ஸ் பாக்கெட் அடுக்கைப் படம் எடு. கோழிச்சோறு கடை முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், எண்ணி அனுப்பு. ஏதோ ஓர் இயந்திரத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கிறார்களாம், 'விளக்கை அணை' என்று பத்து விதமாகச் சொல்லிப் பதிவு பண்ணு. வீட்டில் சத்தமில்லாத இடம் கழிவறைதான். உள்ளே நின்று நான் சொல்லிக்கொண்டிருக்க, வெளியிலிருந்து என் வீட்டுக்காரர் விளக்கை அணைத்துவிட்டார்.

"ஏங்க, உள்ள ஆள் இருக்கேன்ல!"

"நீதானே பத்து வாட்டி அணை அணைன்னு சொன்ன? அடுத்து தண்ணியையும் நிறுத்தணுமா?"

ஒரு ஷாம்பு போத்தலைப் படம் எடுக்க பூன் லே வரைக்கும் போனேன். தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. கடை மூடிக் கிடந்தது. வயிறு எரிந்தது. ஆனாலும் விடவில்லை. ரயிலில் இடம் காலியாக இருந்தால்கூடக் கதவோரம்தான் நிற்பேன். வேலை வந்துவிட்டால் சட்டென்று இறங்கி எதிர்ப்பக்க ரயிலைப் பிடிக்க வேண்டுமே. கோயிலில் கும்பிட்டு நிற்கும்போது கைப்பைக்குள் போன் அதிர்ந்தால், கூப்பிய கை தானாக இறங்கும். இதெல்லாம் பெருமையாகச் சொல்லவில்லை.

எங்கள் லிட்டில் இந்தியாவான தேக்காவில் நான் எப்போதும் துணி எடுக்கும் கடை ஒன்று உண்டு. அங்கே விற்பனைக்கு நிற்பவள் மலேசியாவின் ஜொகூர் பாருக்காரி. இருட்டோடு எழுந்து, பாலம் தாண்டி, இரண்டு பஸ் மாறி வருவாள். இரண்டு பிள்ளைகளையும் அவள் ஒருத்திதான் வளர்க்கிறாள். என்னைப் பார்த்தால் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் மறு பேச்சு. வீட்டுக்காரர் அவளை 'உன் தங்கச்சி' என்றுதான் சொல்வார்.

ஒருநாள் அவள் முகமே சரியில்லை.

"வேலை பெர்மிட் அடுத்த மாசம் முடியுதுக்கா. முதலாளி ரினியூ பண்ணுவாரான்னு தெரியல. இப்ப புதுசா ஒண்ணு கொண்டாந்திருக்காரு. துணி வாங்குற மாதிரி ஆள் வந்து எங்களுக்கு மார்க் போடுவாங்களாம். கம்மியா வந்துச்சுன்னா என்னைய அனுப்பிடுவாரு."

"யாரு வருவான்னு தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன்க்கா பயம்? தே தாரிக் டீ வாங்கிக் குடுத்து கவனிச்சிர மாட்டேன் லா!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்படி ஆள் அனுப்பும் செயலி என் கைப்பைக்குள்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

மறு வாரம் ரயிலில் போன் அதிர்ந்தது. 'துணிக்கடை. ரகசிய வாடிக்கையாளர். எட்டு வெள்ளி.' விரல் முந்திக்கொண்டது. தொட்ட பிறகுதான் முகவரியைப் படித்தேன். அவள் கடை. அதற்குக் கீழே, ஊழியருக்கு உங்களைத் தெரிந்திருக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அங்கேயே விட்டிருக்கலாம். முகம் தெரியாத எவனோ போய் மார்க்கைக் குறைப்பதற்குப் பதில் நானே போய் முழு மார்க் போட்டுவிட்டால் அவள் பெர்மிட் தப்பிக்குமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். முதலில் நினைத்தது எட்டு வெள்ளியைத்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. கடைக்குள் நுழைவதிலிருந்து வெளியே வரும்வரை நடக்கும் பேச்சைப் பதிவு செய்து சேர்த்து அனுப்ப வேண்டும். பதிவைத் தட்டிவிட்டு, போனைக் கைப்பையின் வெளி அறையில் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

"வாங்கக்கா! என்ன, ஆளையே காணோம்? மெலிஞ்சுட்டீங்களே! சாப்டீங்களா?"

ஸ்டூல் வந்தது. நான் உட்காரவில்லை. முன்னால் மாட்டியிருந்த நீலச் சுடிதார் ஒன்றை எடுத்தேன். அவள் முதலாளி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் தோளை ஒட்டி வந்து குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தி என்ன, நேராக என் கைப்பைக்குள்தான் பேசினாள்.

"இது வேணாம்க்கா. சாயம் போகும். பழைய ஸ்டாக்கு, தள்ளிவிடணும்னு முன்னால மாட்டி வச்சிருக்காரு. அடுத்த வாரம் நல்லது வருது. உங்களுக்கு ஒண்ணு ஒளிச்சு வைக்கிறேன்."

வாயை மூடு என்று சொல்லவும் வழியில்லை, அதுவும் பதிவாகும்.

"இல்லம்மா, நல்லாத்தானே இருக்கு. எடுத்துக்கிறேன்."

"சும்மா இருங்கக்கா. உங்க காசு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று சுடிதாரை என் கையிலிருந்து பிடுங்கி மறுபடியும் மாட்டிவிட்டாள். "போயிட்டு வாங்கக்கா. அண்ணனைக் கேட்டேன்னு சொல்லுங்க."

கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் நின்று கேள்விகளைத் திறந்தேன். ஊழியர் 'வெல்கம்' சொன்னாரா? இன்றைய சலுகையைச் சொன்னாரா? இரண்டாவது பொருள் வாங்கச் சொன்னாரா? அடப் பாவி, முதல் பொருளையே வாங்க விடவில்லையே! 'தேங்க் யூ' சொன்னாரா? 'போயிட்டு வாங்க' என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. பதிலில் நான் பொய் சொல்லலாம், அவள் குரல் சொல்லாது. சரக்கு மட்டம் என்று அவளே சொன்னதை முதலாளி கேட்டால் பெர்மிட் அன்றைக்கே போச்சு.

அனுப்ப இரண்டு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். தேக்கா சந்தையை மூன்று சுற்று சுற்றினேன். மீன் கடைக்காரர், "என்னக்கா, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். வேலையை ரத்து செய்தால் அது இன்னொருவர் போனுக்குப் போகும். அவரிடமும் இவள் வாங்கக்கா, சாப்டீங்களாக்கா என்றுதான் நிற்பாள். அவளுக்கு வேறு மாதிரி பேசவே வராது. கடைசியில் ரத்து செய்தேன். மூன்று வாரத்துக்கு உங்களுக்கு வேலை கிடையாது என்று செயலி முறைத்தது. போடா என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேள்விகளையும் காட்டினேன். ஒவ்வொன்றாக உதடு அசையப் படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் பேசுனது எல்லாம் இதுல இருக்காக்கா?"

"இருக்கும்மா. அழிச்சிர்றேன்."

"இங்க, என் கண்ணு முன்னால அழிங்க."

அழித்தேன். முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு முன்னால வந்தப்பெல்லாம்?"

"சத்தியமா இல்லம்மா!"

"சரிக்கா" என்றாள். ஸ்டூலை எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் வைத்தாள்.

அன்றைக்கே செயலியை நீக்கிவிட்டேன். கை மட்டும் போனைத் தடவிக்கொண்டே இருந்தது. அவளுக்கு என்ன ஆயிற்றோ என்ற அரிப்பு அதைவிட மோசம். ஆனாலும் போய்ப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து, தீபாவளிக்குத் துணி எடுக்கும் சாக்கில் போனேன். வாசலிலேயே நின்றாள். எனக்கு உயிர் வந்தது.

"வெல்கம் மேடம்."

"பெர்மிட் கிடைச்சிருச்சாம்மா?"

"கிடைச்சிருச்சு மேடம். ரெண்டு வருஷம்."

அவள் கண் என் கையிலிருந்த போனில் இருந்தது. போனைக் கைப்பைக்குள் போட்டேன். கண் கைப்பைக்குப் போனது. "நான்தாம்மா" என்றேன், அசடு மாதிரி.

"தெரியும் மேடம். இன்னைக்கு ரெண்டாவது செட்டுக்குப் பாதி விலை மேடம்."

அந்த நீலச் சுடிதார் இன்னும் முன்னால்தான் தொங்கியது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சும்மா இருங்கக்கா என்று பிடுங்கி மாட்டமாட்டாளா என்று அவள் கையையே பார்த்தேன்.

"நல்ல கலர் மேடம். உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கும். கூட இந்த மெரூன் காட்டவா?"

இரண்டையும் வாங்கினேன். 'தேங்க் யூ மேடம்' சொன்னாள். ஒரு கட்டம் விடாமல் எல்லாவற்றுக்கும் டிக் போடலாம்.

வீட்டுக்கு வந்து நீலத்தை வாளியில் ஊற வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாளித் தண்ணீர் பூராவும் நீலம். கை கழுவ வந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, இப்படிச் சாயம் போகுது? உன் தங்கச்சி சொல்லலையா?"

"அவ முன்னாடியே சொல்லிட்டா" என்றேன்.