மிலிட்டரிக்காரர் கடை

கோவில்பதாகையில எங்க மளிகைக்கடைக்குப் போர்டுல ஒரு பேரு இருக்கு. அதை யாரும் சொன்னதில்ல. எல்லாருக்கும் அது மிலிட்டரிக்காரர் கடை. எங்கூட்டுக்காரர் இருபத்திரெண்டு வருஷம் ராணுவத்துல இருந்துட்டு வந்து, கைக்கு வந்த பணத்தையெல்லாம் கொட்டிப் போட்ட கடை.

எங்கப்பா ஆவடியில ராணுவத் தொழிற்சாலையில லேத் ஓட்டினவரு. க்வார்ட்டர்ஸ்ல வளர்ந்தவ நான். காக்கி உடுப்பையும் பச்சை உடுப்பையும் பார்த்து மயங்கற ஆளில்ல. ஆனா அவர் கடை வெச்ச அழகுக்கு மட்டும் மயங்கினேன். காலையில அஞ்சு மணின்னா அஞ்சு மணி, ஷட்டர் ஏறிடும். சோப்பெல்லாம் பேரு முன்னால தெரியற மாதிரி வரிசையா நிக்கும். நான் ஒண்ணை எடுத்துத் திருப்பி வெச்சுட்டா, வந்து மறுபடி நேராக்குவாரு. சோப்பு கூட அட்டென்ஷன்ல நிக்கணுமான்னு கேட்டா, பக்கத்து சோப்பையும் நேராக்குவாரு.

கடையைக் கெடுத்தது வேற யாரும் இல்ல, அவர் சட்டைப்பையில இருந்த கேன்டீன் கார்டு. மிலிட்டரி கேன்டீன்ல சோப்பு, டீத்தூள்லேர்ந்து குக்கர் வரைக்கும் வெளி விலையைவிடக் குறைச்சலாக் கிடைக்கும். ரிட்டயர் ஆனவங்களுக்கும் உண்டு, ஆனா சொந்த வீட்டுக்கு மட்டும். ஒரு தடவை நான், "அங்க வாங்கி நம்ம கடையில வெச்சு வித்தா என்னங்க?"ன்னு கேட்டுட்டேன். கார்டையே திருப்பிக் கொடுத்துடறேன்னு கெளம்பிட்டாரு. அவ்வளவு நேர்மை. அதே மனுஷன்கிட்ட தெருவுல எவனாச்சும் வந்து, "சார், ஒரு சின்ன ஹெல்ப்"னு கேன்டீன் சாமான் எழுதின துண்டுச்சீட்டை நீட்டினாப் போதும், "சரி சார்"னு வாங்கிப் பையில வெச்சுக்குவாரு. சீட்டைக் கொடுத்தா ஆர்டர்னு நெனைக்கிற பழக்கம், இருபத்திரெண்டு வருஷத்துல ஊறிப்போனது. எங்க கடை ரேக்குல இருக்கிற அதே சோப்பை, கடையைப் பூட்டிட்டு பஸ் ஏறிப் போய், கேன்டீன் க்யூவுல நின்னு அவங்களுக்கு வாங்கிட்டு வருவாரு. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல? முதல்ல எல்லாம் கத்தினேன். அப்புறம் கத்தறதும் நின்னு போச்சு.

இந்த வருஷம் வியாபாரம் படுத்துடுச்சு. முகப்பேர்ல ஒரு பெரிய அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி வேலை இருக்கு, ஆகஸ்ட் முடியறதுக்குள்ள வர்றியா இல்லையா சொல்லுன்னு அவரோட பழைய சிநேகிதர் ஒருத்தர் போன் பண்ணாரு. "வர்ற காருக்கெல்லாம் கேட்டைத் திறந்துவிடவா ஊருக்கு வந்தேன்?"னு இவர் என்கிட்ட கேட்டாரு. என்கிட்ட கேட்டு என்ன பிரயோசனம்? அப்புறம் அவரே சொன்னாரு, "சுதந்திர தினத்துக்கு நகர் சங்கத்துல விழா வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் நாலு பேர் கடைக்கு வந்தா வெச்சுக்கலாம். இல்லைன்னா போயிடறேன்."

விழா பேனர்ல, 'முன்னாள் ராணுவத்தினரின் சிறுதொழில்களைக் கொண்டாடுவோம்'னு போட்டிருந்தது. எங்க நகர்ல அப்படிக் கடை வெச்சிருக்கிறவங்க மொத்தமே ரெண்டு பேரு. இன்னொருத்தர் ஊருக்குப் போயிட்டாரு. அதனால கொண்டாட்டம் முழுக்க இவருக்குத்தான். பொன்னாடை போர்த்தினாங்க. செயலாளர் மைக்கைப் பிடிச்சு, "இனிமே ஒரு தீப்பெட்டின்னாலும் நம்ம மிலிட்டரிக்காரர் கடையிலதான் வாங்கணும்"னாரு. எல்லாரும் கைதட்டினாங்க, நானும் தட்டினேன். சந்தோஷமா இருந்துதான்னு கேட்டா, இல்ல. மனசு மரத்துப் போயிருந்துச்சு. ஆனாலும் நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூடச் செய்யாம ரெண்டு பேரும் கடையைக் கூட்டித் துடைச்சோம்.

சாயங்காலம் நெஜமாவே ஆளுங்க வந்தாங்க. முதல்ல எதிர்த்தெரு ஆட்டோக்காரர். "அண்ணாத்தே, காலைல மேடையில பார்த்தேன், ஷோக்கா கீறே. ஆமா, உன்கிட்ட கேன்டீன் கார்டு கீதாமே? இவ்ளோ நாளா தெரியாம பூட்சே"ன்னு சொல்லி ஒரு சீட்டை நீட்டினாரு. அவருக்குப் பின்னால ஒரு டீச்சரம்மா, அவங்களுக்கு மிக்ஸி வேணுமாம். அடுத்து வந்தவரு குரலைத் தாழ்த்தி ரெண்டு பாட்டில் ரம் கேட்டாரு. விழாவுல பேசினதைக் கேட்டுதான் இவர்கிட்ட கேன்டீன் கார்டு இருக்கும்னே பாதிப் பேருக்குத் தோணியிருக்கு. ஏழு சீட்டு சேர்ந்துச்சு. கடையில வித்தது ஒரு தீப்பெட்டியும் கொஞ்சம் கற்பூரமும்.

கடைசியா வந்தவங்க செயலாளர் வீட்டம்மா. அவங்க சீட்டை நான் வாங்கிப் பிரிச்சேன். சோப்பு, ஷாம்பு, டீத்தூள், பற்பசை.

"அக்கா, இது எல்லாமே இங்கயே இருக்கு. உங்களுக்குப் பின்னால இருக்கிற ரேக்கைப் பாருங்க"ன்னேன்.

அவங்க திரும்பிப் பார்த்தாங்க. "தெரியும்மா. அங்கன்னா விலை குறையும்ல, அதான். நாளைக்கே போனாக்கூடப் பரவால்ல"ன்னாங்க.

எங்கூட்டுக்காரர் கல்லாவை விட்டு எழுந்து நின்னாரு. "நாளைக்கு முடியாதும்மா. நாளையிலேர்ந்து முகப்பேர்ல வேலைக்குப் போறேன். கடையை எடுத்துடறோம்"னாரு.

என்கிட்டயே இன்னும் சொல்லாத விஷயம். எப்ப முடிவு பண்ணாரு? மூணாவது சீட்டுலயா, ஏழாவதுலயா? அவர் முகத்தைப் பார்த்தேன், ஒண்ணும் தெரியல. அந்தம்மா ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு காத்திருந்தேன்.

"அடடா, நல்ல வேலையாச்சே"ன்னாங்க. "வார லீவு என்னிக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார். அன்னிக்குப் போய் வாங்கிட்டு வந்தாப் போதும்."

அவர் என் கையிலேர்ந்து சீட்டை வாங்கி, நாலா மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, "சரிங்கம்மா"ன்னாரு.