காக்காவுக்கு வைத்த சோறு

பூட்டானில், ஹா பள்ளத்தாக்குக்கு மேலே, மூன்றாவது நாளாகக் குளிரில் குந்தியிருக்கிறேன். மோனால் என்கிற ஒரே ஒரு காட்டுக்கோழியைப் படம் எடுக்கத்தான் டெக்சாஸில் கேட்டி என்கிற ஊரிலிருந்து வந்தது. மூச்சுகூடச் சத்தமாக விடக் கூடாது என்கிறார் கைடு தோர்ஜி.

என் மனைவியோ பாறைமேல் தயிர்சாதத்தை வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிடுகிறாள். இன்று அமாவாசையாம்.

"நீங்க பாட்டுக்கு வெயிட் பண்ணுங்க. கேட்டியில நம்ம வீட்டுப் பின்னால டெக்ல வெச்சா அணில்தான் திங்குது. இங்கயாவது உங்கப்பாவுக்குப் போய்ச் சேரட்டும்."

புதரிலிருந்து பச்சையும் நீலமும் செம்பு நிறமுமாக மின்னிக்கொண்டு மோனால் வருகிறது. நேராகப் போய்ச் சோற்றில் அலகை வைக்கிறது. நான் கேமராவைத் தூக்குவதற்குள் அவள் கைதட்டுகிறாள்.

"சூ! போ! அது எங்க மாமனாருக்கு வெச்சது!"

மோனால் சரிவில் பாய்ந்து மறைகிறது. தோர்ஜி தலையில் கை வைத்துக்கொள்கிறார். நான் விஷயத்தை விளக்கியதும் ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்கிறார்: "மேடம், மாமனார் அந்தப் பறவையாகவே பிறந்திருந்தால்?"

அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்புகிறாள்.

"உங்கப்பா வெள்ளை வேட்டியத் தவிர எதையாவது கட்டியிருக்காரா? இவ்வளவு கலர்லயா வருவாரு?"