ஏழடிப்பட்டத்தில் சொன்ன போர்வெல் கதை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாசம், புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற வழியில் இருக்கும் சித்தன்னவாசல் மலையில் நடந்தது இது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நடந்தது புரியும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மீசை முளைக்கும் முன்பே கிணறு வெட்டும் கூலியாகக் கயிற்றைப் பிடித்து இறங்கியவன். இன்றைக்கு என் பேர் எழுதிய, போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் ஓடுகின்றன. வல்லத்திராக்கோட்டையிலிருந்து மணமேல்குடி வரைக்கும் நான் போர் போடாத ஊர் கிடையாது. கட்டுமாவடியில், கடல் சத்தம் காதில் விழுகிற தூரத்தில், உப்புக் கரிக்காத தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அங்கே போய் விசாரித்தால் சொல்வார்கள். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வது?

என் கடைசி மகளுக்குக் கோயம்புத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. பேசி முடித்த கையோடு சம்பந்தியும் அவர் சம்சாரமும் இரண்டு நாள் தங்கி எங்கள் ஊரைப் பார்க்க வந்தார்கள். சம்பந்தி காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தினமும் விடியற்காலையில் நடக்கிற உடம்பு. பேச்சு மட்டும் அளவுதான். நான் ஒரு கதையை ஆதியிலிருந்து அந்தம் வரைக்கும் சொல்லி முடித்தால், “அப்படிங்களா” என்பார். அதற்கு மேல் வராது.

அவர்களை என் காரிலேயே கூட்டிப் போகலாம் என்றுதான் இருந்தேன். மகள் விடவில்லை. “நீங்க கூட்டிட்டுப் போனா வழியெல்லாம் போர்வெல்தான் காட்டுவீங்க. அவங்களுக்கு ஊரைக் காட்டணும்ப்பா” என்று சொல்லிவிட்டு, போனிலேயே ஒரு காரும் கைடும் பேசி முடித்துவிட்டாள். நாள் முழுக்க நமக்கு மட்டும் வருவார்களாம். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துவார்களாம். போகிற இடத்தை நடுவழியில் மாற்றிக்கொண்டாலும் முகம் சுளிக்க மாட்டார்களாம். என் ஊரை எனக்கே சுற்றிக் காட்ட ஒரு ஆளா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒரு உண்மை இருக்கிறது. சித்தன்னவாசலைச் சுற்றி எத்தனையோ விவசாயக் காட்டில் போர் போட்டிருக்கிறேனே தவிர, அந்த மலையில் அன்றைக்கு வரைக்கும் ஏறியதில்லை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காலையில் வந்தவர்கள் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர் டிரைவர், அந்தம்மா கைடு. அந்தம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். பருத்திச் சேலை, காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தண்ணீர் பாட்டில்.

“நான் ஓட்டுவேன், இவ பேசுவா. வீட்லயும் அப்படித்தாங்க” என்றார் டிரைவர்.

“வீட்ல நீங்க வண்டியையும் ஓட்டுறதில்லையே” என்றார் அந்தம்மா. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றார்களே, அதை நான் விடவில்லை. “ஏப்பா, இங்கிட்டுத் திருப்பு” என்று ரிக் வண்டிகள் நிற்கிற என் ஷெட்டைக் காட்டினேன். “அங்கிட்டு ஒரு சந்து இருக்கு பாரு” என்று நான் கட்டிய கடை வரிசையைக் காட்டினேன். மியூசியத்துக்குப் போகிற வழியில் இரண்டு போர், திரும்புகிற வழியில் ஒன்று. சம்பந்தி ஒவ்வொன்றுக்கும் “அப்படிங்களா” என்றார். சம்பந்தியம்மா தூங்கிப்போனார்கள். அந்தக் கைடு அம்மா மட்டும் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நின்று, “இது எத்தனை அடிங்கய்யா? பாறை எத்தனாவது அடியில வந்துச்சு?” என்று கேட்டார். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? மொதல் ரிக் வண்டி வாங்கி மொதல் போர் போட்ட கதையை ஆரம்பித்தேன். பாதியில் ஒரு போன் வந்தது, அதற்குள் மலையும் வந்துவிட்டது.

குகைக் கோயிலில் மேல் கூரையில் தாமரைக் குளம் வரைந்திருக்கிறார்கள். மீன், வாத்து, யானை எல்லாம் இருக்கிறது. அந்தம்மா ஒவ்வொன்றாகக் காட்டியது நன்றாகத்தான் இருந்தது. “பாத்தீங்களா சம்பந்தி, அந்தக் காலத்துலயே தண்ணிக்குத்தான் மதிப்பு” என்று நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன்.

அடுத்து ஏழடிப்பட்டம். மலையில் ஏறி அந்தப் பக்கம் சரிவில் இறங்கினால், சமண முனிவர்கள் தங்கிய ஒரு குகை. கல்லிலேயே படுக்கை செதுக்கியிருப்பார்களாம். சம்பந்தியம்மா முட்டி வலி என்று டிரைவரோடு மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“பாதை கொஞ்சம் ஒடுக்கமா இருக்கும். ஐயாவும் இங்க நிழல்ல இருக்கீங்களா?” என்று கேட்டார் அந்தம்மா.

“என்னையவா கேக்குற? வெறுங்கயித்தைப் பிடிச்சு கெணத்துல எறங்குனவன் ஆத்தா நான்.”

“சரிங்கய்யா. செருப்பையாவது கழட்டிட்டு வாங்க. புதுச் செருப்பு, வழுக்கும்.”

சம்பந்தி முன்னால் வெறுங்காலோடு நடப்பதா? கழற்றவில்லை.

ஏறுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். மேலே போய் அந்தப் பக்கம் திரும்பியதும்தான் பாதையைப் பார்த்தேன். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒரு இரும்புக் கம்பி. கம்பிக்கு அந்தப்பக்கம் ஒன்றுமே இல்லை. கீழே வயலும் கண்மாயும் யாரோ விரித்துக் காயப்போட்ட துணி மாதிரிக் கிடக்கிறது. சம்பந்தி வீதியில் நடப்பது போல முன்னால் போய் வளைவில் மறைந்துவிட்டார். நடுவில் நான். எனக்குப் பின்னால் அந்தம்மா.

அந்தப் பாதையில் நாலு எட்டு வைத்திருப்பேன், காற்று ஒரு அடி அடித்தது. வேட்டி உப்பிக்கொண்டு தூக்கியது. அதை அமுக்கக் குனிந்தேன். வலது கால் வழுக்கியது. செருப்பு கழன்று, கம்பிக்கு அடியில் புகுந்து போய்விட்டது. அது கீழே விழுந்த சத்தம் கேட்கும், கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை.

அவ்வளவுதான். இரண்டு காலும் பூட்டிக்கொண்டன. கம்பியைப் பிடித்த கை வேர்த்து வழுக்குகிறது. கம்பியை விட்டுப் பாறையைப் பிடிக்கலாம் என்றால் கை வர மாட்டேன் என்கிறது. கிணற்றுக்குள் இறங்கும்போது சுற்றிலும் சுவர் இருக்கும், தொங்கினாலும் தொட்டுக்கொள்ள ஒன்று இருக்கும். ஆயுசு முழுக்கக் கீழே கீழே போய்ச் சம்பாதித்தவனுக்கு, மேலே நின்றால் என்ன ஆகும் என்று அந்த வயசு வரைக்கும் தெரியாமலே போயிருக்கிறது. கீழே இருந்த கண்மாய் என்னை வா வா என்று இழுத்தது. மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது. அதுதான் நினைவுக்கு வந்தது.

வளைவுக்கு அப்பாலிருந்து சம்பந்தியின் குரல். “சம்பந்தி, வாங்க! என்ன ஆச்சு?”

அவர் திரும்பி வந்தால் என்னைத் தாண்டி வர இடம் கிடையாது. பின்னாலிருந்து அந்தம்மா சாதாரணமாகக் குரல் கொடுத்தார். “சார், நீங்க அங்கயே படுக்கையெல்லாம் நிதானமாப் பாருங்க. ஐயா எனக்கு ஒரு கதை சொல்லிக்கிட்டு இருக்காங்க, முடிச்சிட்டுக் கூப்பிடுறோம்.”

பிறகு என் பக்கம் திரும்பி, கார் சீட்டில் உட்கார்ந்து கேட்பது போலக் கேட்டார். “கார்ல பாதியில விட்டுட்டீங்களே ஐயா. மொதல் போர்ல தண்ணி வந்துச்சா, வரலையா?”

இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மொதல் போரிலேயே தென்னை மர உசரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது என்று சொல்வேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. புளுகுவதற்கும் உடம்பில் ஒரு தெம்பு வேண்டுமே.

“வரலை ஆத்தா.”

“அடடா. பாறையைப் பாத்துக்கிட்டே சொல்லுங்க, கீழ பாக்காதீங்க. அப்புறம்?”

“வல்லத்திராக்கோட்டையில வெள்ளாமை பாக்குற ஒரு சம்சாரி வீட்டுக் காடு. வண்டிக்கு மாலையெல்லாம் போட்டு ஆரம்பிச்சோம். சாயங்காலம் வரைக்கும் பாறை மாவுதான் பொகையாப் பறந்துச்சு.”

“இடது கையைப் பாறை மேல வைங்க. ஆங். அந்த எடத்துக்காரரு என்ன சொன்னாரு?”

கை எப்போது கம்பியை விட்டுப் பாறைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. “ஒண்ணுமே சொல்லல. திட்டியிருந்தாலாவது பரவால்ல. வீட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாரு.”

“அப்புறம்? என் பக்கமா ஒரு எட்டு வைங்க. நீங்க என்ன செஞ்சீங்க?”

“ரிக் லாரிக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டேன். ரிப்பேர் பாக்குற மாதிரி.”

“ரிப்பேரா?”

“ரிப்பேரெல்லாம் இல்ல. அழுதேன்.”

அந்தம்மா ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. “இன்னொரு எட்டு. யாரு வந்து எழுப்புனா?” என்று கேட்டார்.

“எம் பொண்டாட்டி. சோத்துத் தூக்கோட வந்து குனிஞ்சு பாத்தா. தண்ணி வரலைன்னா பாறையோட குத்தம், நீங்க ஏன் அதுக்கு லாரி அடியில கெடக்குறீங்க, வெளிய வாங்கன்னு சொன்னா.”

“நல்லாக் கேட்டாங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு. வெளிய வந்தீங்களா?”

“வந்தேன். தின்னேன். மறுநா அதே காட்டுல, வேற மூலையில, கூலி வாங்காம இன்னொரு போர் போட்டேன்.”

“அதுல?”

“அதுலதான் ஆத்தா தண்ணி!”

இதைச் சொல்லும்போது என் முதுகு ஒரு அகலமான பாறையில் முட்டியது. ஒடுக்கப் பாதையைத் தாண்டி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருந்தோம். நான்கு பக்கமும் தரை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவ்வளவு ருசியான தண்ணீரை, இத்தனை போர் போட்ட நான் குடித்ததில்லை. உயிர் வந்தது என்று சும்மா வாய்க்குச் சொல்வோமே, அன்றைக்கு உள்ளங்காலிலிருந்து அது ஏறி வருவதை உணர்ந்தேன். சிரிப்பு வந்தது. தாங்க முடியாத சிரிப்பு. அந்தம்மாவும் எதிரில் உட்கார்ந்து சிரித்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் நெற்றியிலும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

“இதை யார்கிட்டயும் சொல்லிடாத ஆத்தா” என்றேன்.

“எதைங்கய்யா? எனக்கு நீங்க கதை சொன்னதையா?”

கொஞ்ச நேரத்தில் சம்பந்தி வந்தார். செருப்பில்லாத என் ஒற்றைக் காலைப் பார்த்தார். “செருப்பு எங்க?”

“முனிவருங்க நடந்த மலை, செருப்பு எதுக்குன்னு கழட்டிட்டேன்” என்றேன்.

“ஒரு காலுக்கு மட்டுமா?”

மிச்சமிருந்த செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அந்த மனுஷர் அதையும் பார்த்தார். “அப்படிங்களா” என்றார். அந்த வார்த்தை அவ்வளவு இதமாக என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். இறங்கும்போது என் முழங்கையை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தார். இதைப் படித்தால் அவருக்கு முழுசும் தெரிந்துவிடும். தெரியட்டும். கல்யாணம் முடிந்து பேத்தியும் பிறந்தாயிற்று, இனி என்ன?

என்னைக் காப்பாற்றிய அந்தம்மா என் கதையை ஆசையாகக் கேட்டாரா, காலை நகர வைப்பதற்காகக் கேட்டாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எப்படி இருந்தாலும் சரி. அவர் என் கையைப் பிடித்து இழுத்திருந்தால் நான் உதறியிருப்பேன், இரண்டு பேரும் போயிருப்போம்.

என் சம்சாரம் பக்கத்து வீட்டுச் சேதியை நீட்டி நீட்டிச் சொல்வாள். முன்பெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். இப்போது “அப்புறம்?” என்று கேட்கிறேன். முதல் தடவை கேட்டபோது, எனக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னதையே திருப்பிச் சொல்கிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் நான் எழுந்து போவதில்லை. பேசுகிற ஆள் எந்தப் பாறை ஓரத்தில் நின்றுகொண்டு பேசுகிறாரோ, யார் கண்டது.