கேட் இல்லாத எல்லையும் பெர்மிட் அக்காவும்

என் அறைச் சுவரில் ஒரு கேக் பெட்டியின் மூடி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அட்டையின் உள்பக்கத்தில் நீலப் பேனாவால் வரைந்த இரண்டு தீவுகள். பெரியது பிரிட்டன், சிறியது அயர்லாந்து. சின்னத் தீவின் வடக்கு மூலையை ஒரு கோடு பிரிக்கிறது. அந்தக் கோட்டின் மேல் எதுவும் இல்லை. ஆனால் கடலோரத் துறைமுகங்களில் வரிசையாகச் சிவப்புக் கட்டங்கள் இருக்கின்றன. கட்டம் இருந்தால் அங்கே சோதனை உண்டு என்று பொருள். பெரிய தீவு, யாரோ உட்கார்ந்து எழுந்த தலையணை மாதிரி நசுங்கியிருக்கும். அறைக்கு வருகிறவர்கள், "உங்க பிள்ள வரைஞ்சதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வரைந்தவருக்கு அப்போது ஐம்பது வயது. அவர் எங்கள் பெர்மிட் அக்கா.

அந்தப் பெயரை நாங்கள் வைக்கவில்லை. மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தில் லோரி ஓட்டுகிறவர்கள் வைத்தது. அக்கா, லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் பிறந்து, பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு சரக்கு முகவரிடம், சிங்கப்பூருக்குப் போகும் காய்கறி, முட்டை லோரிகளுக்குப் பெர்மிட் தயார் செய்திருக்கிறார். முகவர் கடையை மூடியதும் எங்களிடம் வேலை கேட்டு வந்தார். எனக்கு அவரைவிட நான்கு வயது குறைவு, ஒரு பட்டம் அதிகம். அந்தப் பட்டத்தை நான் அப்போது கொஞ்சம் தூக்கியே பிடித்திருந்தேன், மறைப்பானேன்.

எங்கள் வேலையைச் சொன்னால் ஜொகூரில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். ஜொகூர் பாருவின் தெப்ராவில், ஒரு டயர் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, பிரிட்டனிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் சீஸுக்கும் வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் காகிதம் தயாரிக்கிறோம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தவரை இப்படி ஒரு வேலையே கிடையாது. ஒரு லோரி வெண்ணெயைக் கப்பலேற்றி டப்ளினில் இறக்குவது, நாம் ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங்குக்குச் சாமான் கொண்டுபோவது போலத்தான் இருந்தது. ஒன்றியத்தைவிட்டு வெளியே வந்தார்கள். வந்தபின் பால், இறைச்சி, முட்டை எதுவானாலும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ், சுங்கப் பத்திரம், துறைமுகத்துக்கு முன்னறிவிப்பு என்று ஒரு லோரிக்கு ஒரு கட்டுக் காகிதம் ஆயிற்று. ஒரு தாள் தவறினால் வண்டி நிற்கும், உள்ளே சரக்கு வீணாகும். சின்னப் பண்ணைக்காரர்கள் சிலர், ஆளை விட்டால் போதும் என்று அயர்லாந்துக்கு விற்பதையே நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் தலைவலி கொடுத்தது வட அயர்லாந்துதான். அது பிரிட்டனைச் சேர்ந்தது. தெற்கே உள்ள அயர்லாந்தோ இன்னும் ஒன்றியத்தில் இருக்கிறது. நடுவே சாலையில் கேட் வைக்கலாமென்றால், அந்தக் கோட்டில் ஒரு காலத்தில் சிந்திய இரத்தம் போதும், இனி அங்கே சாவடியே வேண்டாம் என்று இரு பக்கத்தாரும் உறுதியாக இருந்தார்கள். வடக்கில் கறந்த பால் தெற்கே ஆலைக்குப் போகிறது, ஒருவரும் நிறுத்துவதில்லை. ஆகவே சோதனையைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். வடக்கிலேயே விற்றுத் தீரும் சாமானுக்குச் சுலபப் பாதை. அதன்மேல் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அதைத் தாண்டித் தெற்கே போகிற சாமானுக்கு முழுக் காகிதமும் வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஒரு பயிற்சியாளர் திரையில் இதை ஒரு மணி நேரம் விளக்கினார். அலுவலகத்தில் நாங்கள் பன்னிரண்டு பேரும் முழித்தோம். "ஒரே நாட்டுக்குள்ள எதுக்குலா செக்கிங்?" என்று ஒருவன் முனகினான்.

பின் வரிசையிலிருந்து அக்கா கேட்டார்: "கடல் தாண்டி இருக்குற சரவாக் நம்ம நாடுதானே? ஆனா நாம அங்க போய் இறங்குனா ஐ.சி. அடையாள அட்டைய காட்டணும், எத்தன நாளுன்னு கேட்டு உள்ள விடுவாங்க. அந்த மாதிரிதான் இதுவும். நாடு ஒண்ணு, வாசல் ரெண்டு." அவர் கொண்டுவந்திருந்த கிறிஸ்துமஸ் கேக் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு, பேசிக்கொண்டே இந்தப் படத்தை வரைந்தார். ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கியது. ஆனால் நான் பாராட்டவில்லை. 'பாலத்து அனுபவம், வேறென்ன' என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம். அது முடியும்போது நான் அறிக்கை எழுத வேண்டும். பட்டம் இல்லாத ஒருவரை நிரந்தரமாக்கத் தலைமை அலுவலகத்துக்கும் விருப்பமில்லை. அக்காவுக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். கணவர் இல்லை, மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஐம்பது வயதில் மறுபடி எந்தக் கதவைத் தட்டுவார்? அது தெரிந்தும் எனக்கு அவர்மேல் எரிச்சல். காரணம் அவருடைய வாசிப்பு.

பாலத்தில் அது பழைய வழக்கமாம். லோரி கிளம்புமுன் ஒருவர் காகிதத்தை மேலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசிக்க வேண்டும், இன்னொருவர் சரக்குப் பட்டியலை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். முடிந்ததும் தாளின் அடியில் வாசித்தவர் ஒரு கையெழுத்து, கேட்டவர் ஒரு கையெழுத்து. "கண்ணு தாண்டிப் போயிரும் மேடம், காது தாண்டாது" என்பார். கணினி பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இதென்ன கோயில் பாராயணம் என்று இளவட்டங்கள் கிண்டல் செய்தார்கள். ஆனால் அக்கா எதிரே வந்து உட்கார்ந்தால் ஒருவனும் மறுக்கவில்லை. நான் மட்டும் என் தாள்களை வாசிக்கக் கொடுத்ததில்லை. நான் மேலாளர் அல்லவா.

ஆறாம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. இரண்டு பேர் விடுப்பு என்பதால் ஒரு லோரியின் காகிதத்தை நானே முடித்து அனுப்பினேன். சீஸ் பெட்டிகள். கப்பலில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் துறைமுகம், அங்கிருந்து வடக்கில் ஒரு கிடங்கு. சுலபப் பாதை என்று குறித்தேன். நமக்கு மாலை நான்கரை, அவர்களுக்குக் காலை. அக்கா என் தாளின் நகலோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், இத ஒரு தடவ வாசிக்கலாமா?"

"அனுப்பியாச்சுக்கா. எனக்கு வேற வேல இருக்கு."

"வண்டி இன்னும் கிளம்பல மேடம். கிளம்பிட்டா வாசிச்சுப் பிரயோசனம் இல்ல. நீங்க வாசிங்க, நான் கேக்குறேன்."

சலித்துக்கொண்டே வாசித்தேன். பெட்டி எண்ணிக்கை, எடை, கிடங்கின் முகவரி. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இரண்டு அடுக்குப் பெட்டிகளை மட்டும் கிடங்கிலிருந்து ஓர் உணவு விடுதிக்குக் கொண்டுபோக வேண்டும். விடுதியின் ஊர்ப் பெயரை என் வாயாலேயே சொன்னேன். அது கோட்டுக்குத் தெற்கே இருக்கும் ஊர். அக்கா தன் கையிலிருந்த நகலில் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார். அந்த விரல்தான் என்னைச் சீண்டியது.

"அங்கதான் கேட்டே இல்லையேக்கா? லோரி நேரா போயிரும், யாரு பாக்கப் போறா?" என்றேன். ஜொகூர்க்காரியின் புத்தி. பாலத்தில் வரிசையில் நின்று நின்று, எல்லை என்றால் கேட், கேட் இல்லையென்றால் எல்லையே இல்லை என்று மனதில் பதிந்துவிட்டது.

"கேட் இல்லதான் மேடம். அதுக்காகத்தான் நம்மகிட்ட காகிதம் கேக்குறாங்க. நாம பொய் எழுதுனா, நாளைக்கு அந்த ரோட்டுல கேட் போட்டுருவாங்க."

அலமாக்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடக்குக்கு மட்டும் என்று சொல்லித் தெற்கே போனது தெரிந்தால், அந்த வாடிக்கையாளரின் சுலபப் பாதை உரிமையே பறிபோகும். அவர்களை நம்பி இருந்த எங்கள் அலுவலகமும் ஆட்டம் காணும். வண்டி சரக்கேற்றி நின்ற இங்கிலாந்துக் கிடங்குக்கு அக்காவே போன் போட்டார். அவருடைய ஆங்கிலத்தில் இலக்கணம் கொஞ்சம் முன்பின் இருக்கும், தயக்கம் மட்டும் இருக்காது. தெற்குக்குப் போகும் இரண்டு அடுக்கும் இறங்கின. மீதிச் சரக்குக்குத் திருத்திய காகிதம் போனது. கப்பல் நேரத்துக்கு வண்டி துறைமுகம் சேர்ந்தது. இறக்கி வைத்த சீஸ், மருத்துவர் சான்றிதழோடு திங்கட்கிழமை முழுப் பாதையில் போயிற்று. நடந்ததைப் பற்றி அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவரைப் பற்றிய அறிக்கையை நான் அன்று காலையிலேயே எழுதி வைத்திருந்தேன். 'கல்வித் தகுதி போதாது, நீட்டிக்கப் பரிந்துரைக்கவில்லை.' மாலையில் அதை அழித்தேன். புதிதாக எழுதியதில் அந்த லோரியின் கதையை முழுவதும் சொல்லி, தவறு என்னுடையது என்றும் ஒரு வரி சேர்த்தேன். தலைமை அலுவலகம் இரண்டு முறை கேள்வி கேட்டது. நான் இரண்டு முறையும் அதே பதிலைச் சொன்னேன். நிரந்தர வேலைக் கடிதம் வந்த நாளில் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்து, கடிதத்தையும் அறிக்கையையும் உரக்க வாசித்தேன். என் தவறு வரும் வரி நெருங்கியபோது அக்கா, "அது வேணாம் மேடம், விடுங்க" என்று கையை ஆட்டினார். "கடைசி வரி வரைக்கும் வாசிக்கணும்னு நீங்கதானக்கா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, அதை இன்னும் சத்தமாக வாசித்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவர் என் பக்கம் வந்தார். "எனக்குத் தெரியும் மேடம், நீங்க மொதல்ல வேற மாதிரி எழுதுனீங்கன்னு. அன்னைக்குக் காலையில பிரிண்டர்ல ஒரு காப்பி கெடந்துச்சு. வாசிச்சேன். அதுல தேதிகூடத் தப்பு."

அதை வாசித்துவிட்டுத்தான் அன்று மாலை என் அறை வாசலில் வந்து நின்றிருக்கிறார். பேசாமல் இருந்திருந்தால் மாட்டியிருப்பது நான். "அப்புறம் ஏங்க்கா வந்து சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வண்டி நிக்கக் கூடாதுல்ல மேடம்," என்றார்.

இப்போது அவர் ஓய்வு பெற்று லாயாங் லாயாங்குக்கே போய்விட்டார். மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். டயர் கடை மாடியில் பன்னிரண்டு பேராக இருந்தவர்கள் இன்று நாற்பது பேர். எங்கள் காகிதத்தால் இதுவரை ஒரு வண்டியும் நின்றதில்லை, இதை நான் மார்தட்டியே சொல்வேன். வாசிப்பு தினமும் நடக்கிறது. போன மாதம் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் இந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். தான் பிறந்த ஊரை அந்தக் கோட்டருகே விரலால் தொட்டுக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சரியாகத்தான் இருக்கும். கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முன், ஒவ்வொரு கட்டமாக அதையும் வாசித்தோம். மூடியின் அடி ஓரத்தில் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. வாசித்தவர், அக்கா. கேட்டவர், நான்.